முகம் பார்க்காத சாட்சி

அத்தியாயம் 4

“மேடம், எனக்கு ஒரு சந்தேகம்,” என்றான் அஸ்ஃபாக். “பொய்ச் சத்தியம் பண்ணினா கண்ணு அவிஞ்சு போகும்னு சொல்வாங்க. நோட்டரி முன்னாடி பண்ணினாலும் அப்படித்தானா, இல்ல முத்திரைத்தாள் வாங்கினவங்களுக்கு விலக்கு உண்டா?”

“உனக்கு முதல்ல நாக்குதான் அவியும். பேசாம வண்டிச் சாவியை எடு,” என்றாள் உமாமகேஸ்வரி.

காரைக்கால் பாரதியார் சாலையில், ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கடைசியில் மேலதிகாரிகளுக்கே அவளைப் பிடிக்காமல் போய், வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது. அஸ்ஃபாக் துபாயில் டிரைவராக இருந்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகு அவளுக்கு டிரைவர், உதவியாளர், கேட்காமலே கிடைக்கும் நகைச்சுவை என்று மூன்று வேலை பார்த்தான். சம்பளம் என்னவோ ஒன்றுதான்.

மேஜைமேல் ஒரு சத்தியப் பிரமாணத்தின் நகல் கிடந்தது. ‘பத்ருன்னிசா ஆகிய நான், எனக்குச் சொந்தமான வீட்டை விற்க மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்’ என்று ஆரம்பித்து நோட்டரி வக்கீலின் முத்திரையோடு முடிந்தது. கீழே சாட்சியாகச் சுப்பையன் என்று ஒரு கையெழுத்து. அதற்கு மேலே, ‘இவரை நான் நேரில் அறிவேன்’ என்று ஒரு வாக்கியம்.

இப்படி ஒரு சம்மதம் தான் கொடுத்திருப்பதே பத்ருன்னிசாவுக்குத் தெரியாது. கருப்பையன் என்ற புரோக்கர் அனுப்பிய ஆள் டேப்போடு வந்து வீட்டை அளக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாளின் கணவர் இறந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து, கணவனை இழந்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் காக்கும் இத்தாவில் இருக்கிறார். பிற ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையில், திரைக்குப் பின்னால். வாசற்படி தாண்டாதவர் கோர்ட் வாசலில் போய்ச் சத்தியம் செய்திருக்கிறார் என்கிறது காகிதம்!

“வீடு போனா அவங்க எங்கே போவாங்க?” என்றாள் உமா, படியில் இறங்கிக்கொண்டே.

“போக்கிடம் ஏது மேடம்? எங்க பக்கத்துல வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியத் தூக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்கு வரணும். அவங்க வாப்பா அவங்களுக்குக் குடுத்த வீடு. அவங்க நாளைக்கு மக நுஸ்ரத்துக்குக் குடுப்பாங்க. நுஸ்ரத் மாப்பிள்ளை ஷார்ஜாவுல இருக்காரு. நுஸ்ரத் உம்மாவோடதான் இருக்குது.”

“நேத்து அவங்க வீட்டுக்குப் போனப்ப உனக்கு வேற ஏதாவது கண்ணுல பட்டுதா?”

“என்னத்தப் பட? நீங்க பொம்பளை, உள்ள ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டீங்க. நான் வாசல்ல வெந்துகிட்டு நின்னேன். பாவம்னு ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத் வந்துச்சு. கொண்டு வந்த நுஸ்ரத் தங்கச்சி, தார் உருகுற இந்த வெயில்ல வீட்டுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கிட்டு நிக்குது. பாத்ததுக்கே எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. துபாய் ஏசியிலகூட நான் சாக்ஸ் போட்டதில்ல மேடம்.”

உமா சிரித்துவிட்டு வண்டியில் ஏறினாள். அவன் சொல்வதில் பாதி காற்றோடு போகிற விஷயம். எந்தப் பாதி என்பதுதான் அவளுக்கும் சில நேரம் தெரிவதில்லை.

சாட்சி என்பவர் சம்பந்தப்படாத மனிதராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். காரைக்காலில் அப்படி ஒருவரைப் பிடிப்பது லேசில்லை. யாரைத் தொட்டாலும் இன்னொருவருக்கு ஒன்றுவிட்ட மச்சானாக இருப்பார். அதனால் கோர்ட் வாசலில் சுப்பையனுக்கு நல்ல மதிப்பு. மின்சாரத் துறையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் பேப்பர் படிப்பார். யார் வந்து “சார், ஒரு சாட்சிக் கையெழுத்து” என்றாலும் பேனாவைத் திறந்துகொண்டே எழுந்திருப்பார். தன் கையெழுத்துக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது என்பதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை. பத்ருன்னிசாவின் வீட்டுக்கு அடுத்த வீடும் அவருடையதுதான்.

உமா நகலை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

“ஆமா, என் கையெழுத்துதான். பாய் வீட்டம்மா வந்திருந்தாங்க. அவங்க என் பேரைச் சொன்னதா நோட்டரியோட குமாஸ்தா வந்து கூப்பிட்டார். போனேன், போட்டேன்.”

“அவங்கதான்னு எப்படித் தெரிஞ்சுது சார்?”

“இதென்ன கேள்வி? இருபது வருஷமா பக்கத்து வீடு.”

“முகத்தைப் பார்த்தீங்களா?”

சுப்பையன் டீ கிளாஸை எடுத்தார். காலி. மறுபடி கீழே வைத்தார்.

“வெள்ளைத் துப்பட்டி போத்தி, முகத்தை மூடியிருந்தாங்க. புருஷனைப் பறிகொடுத்த பொம்பளை. அவங்க வழக்கப்படி வெளியவே வரக் கூடாது. ஏதோ அவசரம், பாவம், வந்திருக்காங்க. நான் போயி மூஞ்சியைக் காட்டுன்னு சொல்ல முடியுமாம்மா? அங்க நின்ன ரெண்டு பேரை, என்னய்யா வேடிக்கைன்னு நான்தான் திட்டி அனுப்பினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்.”

“பேசினாங்களா?”

“இல்ல. நோட்டரி படிச்சுக் காமிச்சார். தலையை ஆட்டினாங்க.”

“அப்போ நீங்க முகத்தையும் பார்க்கலை, குரலையும் கேக்கலை. நேரில் அறிவேன்னு மட்டும் சத்தியம் பண்ணியிருக்கீங்க.”

அவர் முகம் கறுத்துவிட்டது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் கேட்டுவிட்டார்களோ என்று ஒரு பார்வை பார்த்தார். கேட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் மரியாதைக்காகப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“குனிஞ்சிருந்தீங்களே சார், அப்ப என்ன தெரிஞ்சுது?” என்றான் அஸ்ஃபாக், வாயில் இறால் வைத்துச் சுட்ட வாடாவை மென்றுகொண்டு.

“என்ன தெரியும்? காலுதான். செருப்பு. கால் நகமெல்லாம் மருதாணி, நல்லாச் செவந்து...”

அஸ்ஃபாக் மெல்லுவதை நிறுத்தினான்.

“சார், இத்தாவுல இருக்கிறவங்க மருதாணி வைக்க மாட்டாங்க. பூ, பொட்டு, நகைன்னு ஒங்க பக்கம் ஒதுக்குற மாதிரிதான் அதுவும்.”

தெரு மொத்தமும் மதிக்கும் ஒரு மனிதர், ஒரே வாக்கியத்தில் பொய்ச் சாட்சி ஆகிவிட்டார். அதுவும் மரியாதை கொடுக்கப் போய்.

“நான் வேற என்ன பண்ணியிருக்கணும்?” என்றார் மெதுவாக. அவரே அதற்குப் பதிலும் சொன்னார். “கையெழுத்துப் போடாம இருந்திருக்கணும்.”

வண்டியில் ஏறியதும் அஸ்ஃபாக் தீர்ப்பையே வாசித்துவிட்டான். “காதர் பாட்சாதான் மேடம். செத்துப் போனவரோட தம்பி. வீட்டை வித்துருங்கன்னு அண்ணன் இருந்தப்பவே நச்சரிச்ச ஆளு. அவரு மக நௌஷினுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. கை காலு பூரா மருதாணிதான் இருந்திருக்கும். துப்பட்டியப் போத்திக் கூட்டிட்டு வந்துட்டாரு. முடிஞ்சுது. வீட்டுக்குப் போயி சாப்பிடலாமா?”

“அவர் கடைக்குப் போ.”

காதர் பாட்சாவின் இரும்புக் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. சாட்சிக்காரர் பெயரைக் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அந்த சுப்பையனையா? நல்லாக் கேட்டீங்க போங்க. களவாணித்தனம் பண்ணப் போறவன், அடுத்த வீட்டுக்காரனையா சாட்சிக்குக் கூப்பிடுவான்? அவருக்கு மச்சியை, எங்க அண்ணன் பொண்டாட்டிய, இருபது வருஷமாத் தெரியும். கண்டுபிடிச்சுட்டா என்ன ஆகும்? நானா இருந்தா கடையில சாக்குத் தூக்குறவன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போவேன். நௌஷின் கல்யாணம் முடிஞ்ச வாரமே பெங்களூரு போயிருச்சு. வேணும்னா போன் போட்டுக் கேளுங்க.”

வெளியே வந்ததும் அஸ்ஃபாக் தலையைச் சொறிந்தான். “ரொம்ப விவரமாப் பேசுறாரு. சந்தேகமா இருக்கு.”

“எனக்குச் சந்தேகமே போயிடுச்சு,” என்றாள் உமா. அவள் குரலில் சந்தோஷம் இல்லை. “அவர் சொன்னதுதான் சரி. திருடன் தெரியாத ஆளைத்தான் சாட்சியாக் கூப்பிடுவான். தெரிஞ்ச ஆளைத் தைரியமாக் கூப்பிடணும்னா, அவர் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கணும். அந்த வாசல்ல அவரைத் தினம் பார்த்து வளர்ந்திருக்கணும்.”

அஸ்ஃபாக் சாவியைத் திருகப் போனவன் அப்படியே நின்றான்.

“கையில வச்ச மருதாணி ரெண்டு மூணு வாரத்துல போயிடும். கால் நகத்துல வச்சது நகம் வளர்ந்தாத்தான் போகும், மாசக்கணக்கா ஆகும்,” என்றாள் உமா. “அதுவரைக்கும் உம்மா கண்ணுல படாம மறைக்கணும்னா?”

“சாக்ஸ்,” என்றான் அஸ்ஃபாக். தன் ஜோக்கே தன் தொண்டையில் சிக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. அந்தத் தங்கச்சி கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டு அவளையே கிண்டல் செய்தது வேறு உறுத்தியது.

மாலையில் அவர்கள் பத்ருன்னிசாவின் வீட்டுக்குப் போனபோது சுப்பையன் அங்கே முன்னாலேயே வந்திருந்தார். கையில் சுருட்டிய புது முத்திரைத்தாள். தான் முகம் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால்தான் தூக்கம் வரும் என்றார். கூடத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார். உள்ளறை வாசலில் திரை. அதற்குப் பின்னால் பத்ருன்னிசா. அஸ்ஃபாக் வழக்கம்போல வாசலில்.

உமா நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். நுஸ்ரத் சர்பத் கலக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காலில் சாம்பல் நிறச் சாக்ஸ்.

“நுஸ்ரத்,” என்றாள் உமா தாழ்ந்த குரலில், “சுப்பையன் சார் அன்னைக்குக் காலைப் பார்த்திருக்கார்.”

கரண்டி டம்ளரில் இடித்து நின்றது. நுஸ்ரத் அப்படியே தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்சூரன்ஸ் காலத்தில் உமா எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். இப்படிப் பிடித்தவளுக்கே கூசிய சந்தர்ப்பம் இதுதான்.

“நாத்தனா கல்யாணம் மேடம். வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகல. கையில வேணாம்னு அழுதேன். காலுலயாவது வைன்னு மாமி பிடிவாதம். உம்மா பாத்தா தாங்க மாட்டாங்கன்னுதான் சாக்ஸு.”

“சாக்ஸ் உம்மாவுக்காக. துப்பட்டி எதுக்காக?”

நுஸ்ரத் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அவரு ஷார்ஜாவுல வண்டி இடிச்ச கேஸுல உள்ள இருக்காரு. பணம் கட்டினாத்தான் விடுவாங்களாம். ஊருல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு போன்ல அழுதாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு. உம்மா பக்கத்து ரூம்ல வாப்பாவுக்காக அழுதுகிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட போயி எந்த வாயால கேப்பேன்? நாளைக்கு எனக்கு வரப்போற வீடுதானேன்னு...”

“கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே.”

“குடுத்திருப்பாங்க. அதனாலதான் மேடம் கேக்க வெக்கமா இருந்துச்சு.”

“சுப்பையன் சாரை ஏன் கூப்பிட்டே?”

“மாமா நிமிந்து பாக்க மாட்டாங்க. சின்னப் புள்ளையிலேந்து தெரியும்.”

சமையல்கட்டுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகவில்லை. அந்தக் காலத்து வீடு, காற்றுக்காக விட்ட இடைவெளி. உமா அதை அப்போதுதான் கவனித்தாள். கவனித்து என்ன பயன்?

“மேடம்,” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இங்க வாங்க.”

உமா கூடத்துக்கு வந்தாள். சுப்பையனும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவருடைய நல்ல குணத்தை யாரோ சாவியாகப் போட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்த யாரோ, அவர் கண்ணெதிரே தெருவில் விளையாடி வளர்ந்த குழந்தை.

“அந்தக் கையெழுத்து என்னோடதுதான்,” என்றது குரல். “நான்தான் போனேன். கேஸு வேணாம்.”

“நீங்கதானேம்மா போகலைன்னு என்னைக் கூப்பிட்டீங்க?”

“வயசாயிருச்சு. மறந்துட்டேன்.”

“இத்தாவுல வெளியே போனாங்கன்னு தெரு முழுக்கப் பேசுவாங்க.”

“பேசட்டும். எம் மவளப் பொய்க்காரின்னு பேசுறதுக்கு அது தேவல.”

சமையல்கட்டில் நுஸ்ரத் விம்மி அழும் சத்தம் கேட்டது. சுப்பையன் இரண்டு அடி முன்னால் வந்தார். கண் தரையில்தான் இருந்தது.

“அம்மா, நான் ஒரு பொய்க்குச் சாட்சியா நின்னுட்டேன். அது தெரியாம செஞ்சது. தெரிஞ்சே ரெண்டாவது பொய்க்கும் என்னை நிக்க வச்சிராதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

மகளுக்காகத் தன் மானத்தை விட அந்த அம்மாள் தயார். அடுத்தவர் மனச்சாட்சியைக் கேட்டு வாங்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

“நோட்டரி வீட்டுக்கு வருவாரா?” என்று மட்டும் கேட்டார் கடைசியில்.

“வருவார்ம்மா. வெளியே வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வர்றது உண்டு. அன்னைக்கு யாரும் கேக்கலை, அவ்வளவுதான்.”

“நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் சத்தியம் பண்ணணும்.”

எதைச் சத்தியம் செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. திரும்பும் வழியில் அரசலாற்றுப் பாலம் தாண்டும் வரை அஸ்ஃபாக் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே உமாவுக்குப் பயமாக இருந்தது.

“அந்தம்மா பொய்தான் சொல்லுவாங்க மேடம்,” என்றான் பிறகு. “எங்க உம்மாவா இருந்தாலும் அதைத்தான் சொல்லும்.”

மறுநாள் காலை கூடத்தில் நோட்டரி வக்கீல், முத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன தடவை முகம் பார்க்காமலே முத்திரை வைத்ததை உமா சொல்லிக் காட்டியிருந்ததால் அவரும் யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சியாக வேறு யாரையாவது அழைக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, “சுப்பையன் சாரே இருக்கட்டும்” என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. சுப்பையனுக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

திரை விலகியது.

பத்ருன்னிசா வெளியே வந்தார். வெள்ளைத் துப்பட்டி தலையைச் சுற்றியிருந்தது. முகம் திறந்திருந்தது. வாசலில் நின்ற அஸ்ஃபாக் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சாட்சி இல்லையே.

சுப்பையன் பழக்கத்தில் தலையைக் குனிந்தார்.

“பாருங்க சார்,” என்றார் பத்ருன்னிசா. “சாட்சிக்கு மொகம் காட்ட மார்க்கத்துல தடையில்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டேன். நிமிந்து பாருங்க.”

அவர் நிமிர்ந்தார். இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்த முகத்தை அன்றுதான் பார்த்தார். அழுது அழுது இமை வீங்கிய முகம். அவமானத்தில் அவருக்குக் காது வரை சுட்டது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

“எழுதுங்க வக்கீல் சார். அன்னைக்கு வந்தது நான் இல்ல. அந்தப் பேப்பர் செல்லாது. அது மட்டும் போதும்.”

“வந்தது யாருன்னு...” என்று இழுத்தார் நோட்டரி.

“அதை யாரும் பாக்கலியே. கேட்டுப் பாருங்க.”

நோட்டரி சுப்பையனைப் பார்த்தார். சுப்பையன் தொண்டையைச் செருமினார். “நான் முகம் பார்க்கலை சார். யாருன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.”

அது சத்தியமான வார்த்தை. அவருடைய தலைகுனிவுதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது என்று உமா நினைத்தாள். அதில் அவருக்கு ஆறுதல் இருக்காது என்றும் தெரிந்தது.

பத்ருன்னிசா சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, குரலைத் தூக்கிச் சொன்னார். “மாப்பிள்ளைக்கு ஆபத்துன்னா இந்த வீட்ட நான் விப்பேன். இத்தா முடியட்டும். நானே வந்து, எம் பேருல, எங் கையால எழுதிக் குடுப்பேன். கேட்டியா நுஸ்ரத்?”

நுஸ்ரத் சமையல்கட்டுப் படியில் வந்து நின்றாள். காலில் சாக்ஸ் இல்லை. நகத்தில் மருதாணி அப்படியே இருந்தது, அடியில் மட்டும் பிறை மாதிரி வெளுத்திருந்தது. உம்மா அந்தக் கால்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

காகிதம் சாட்சியிடம் வந்தது. சுப்பையன் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே அதே வாக்கியம் காத்திருந்தது.

“போன தடவை இதைப் படிக்காமலே போட்டேம்மா,” என்றார்.

“இப்ப படிச்சுட்டுப் போடுங்க.”

அவர் வாய்விட்டுப் படித்தார். ஆறாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்திய பையனைப் போல, ஒவ்வொரு சொல்லாக.

“இவரை... நான்... நேரில் அறிவேன்.”

குரல் உடைந்தது. பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி ஒருமுறை நிமிர்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.